முதலைக்குக் கிடைத்த ஒரே வேடம்

இளம் அறிவியல் (விலங்கியல்), இரண்டாம் ஆண்டு

சென்ற ஆண்டு எங்கள் துறை மாணவர்களைப் பேராசிரியர்கள் வடநெம்மேலி முதலைப் பண்ணைக்கு அழைத்துச் சென்றார்கள். காலை ஆறு மணிக்குக் கல்லூரி வாயிலிலிருந்து புறப்பட்ட பேருந்து, கண்டெய்னர் லாரிகளின் வரிசையைத் தாண்டுவதற்கே ஒரு மணி நேரமாயிற்று. புறப்படும் முன் என் தாயார், "மொதலையப் பாக்குறதுக்காடா உன்ன காலேஜுல சேத்தேன்?" என்று கேட்டுச் சிரித்தார். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். ஆகவே, அந்தக் கேள்விக்கு உரிய விடையைத் தேடிக்கொண்டு வர வேண்டிய கடமை எனக்கு இருந்தது. இக்கட்டுரை அந்த விடைதான்.

பண்ணையில் ஒரு தொட்டியின் சுவரருகே எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் தன் தந்தையுடன் நின்றுகொண்டிருந்தான். உள்ளே சதுப்புநில முதலைகள் பத்துப் பதினைந்து வெயிலில் கிடந்தன. ஒன்றும் அசையவில்லை. சிறுவன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அப்பா, இதெல்லாம் பொம்மையாப்பா?" என்று கேட்டான். தந்தை, "இரு, இப்பப் பாரு" என்று ஒரு சிறு கல்லைப் பொறுக்கி ஒரு முதலையின் முதுகில் எறிந்தார். அதன் கண்ணிமை மட்டும் ஒருமுறை மூடித் திறந்தது. காவலர் அதட்டினார், தந்தை நகர்ந்தார். சிறுவனோ, "படத்துல வர்ற மாதிரி பாயவே இல்லையே" என்று முகம் சுருங்கி நின்றான்.

அப்போது எனக்குக் கல்கியின் 'பொன்னியின் செல்வன்' நினைவுக்கு வந்தது. அரிசிலாற்றங்கரையில் பெண்களின் அலறலைக் கேட்டு வந்தியத்தேவன் ஓடோடி வந்து முதலையின்மீது வேலை வீசுகிறான். பெண்கள் கலகலவென்று சிரிக்கிறார்கள். ஏனென்றால் அது உயிரற்ற முதலை. தோலுக்குள் பஞ்சு அடைத்து வைத்தது. பஞ்சு முதலையை உயிர் முதலையென்று எண்ணி வந்தியத்தேவன் வேலெறிந்தான். உயிர் முதலையைப் பஞ்சு முதலையென்று எண்ணுமளவுக்குப் பழகிவிட்ட நாம் கல்லெறிகிறோம். இந்தப் பழக்கத்தை நமக்கு உண்டாக்கியது எது? வெள்ளித்திரை என்பதே என் கருத்து.

திரைப்படம் முதலைக்கு ஒரே ஒரு வேடத்தைத்தான் திரும்பத் திரும்பக் கொடுத்திருக்கிறது. வாயைப் பிளந்து மனிதனை விழுங்க வரும் வேடம் அது. அந்த வேடத்தால் யாருக்கு என்ன நேர்ந்தது என்பதை நண்பர்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறேன்.

திரையில் தோன்றிய முதலைகள்

மறக்க முடியாத முதலைகள் திரையில் பல உண்டு. அவற்றை ரசிக்காதவன்போல் நான் நடிக்க விரும்பவில்லை.

முதலில் நினைவுக்கு வருவது டார்ஜான். ஒலிம்பிக்கில் ஐந்து தங்கப் பதக்கங்கள் வென்ற நீச்சல் வீரர் ஜானி வைஸ்முல்லர் டார்ஜானாக நடித்த 'டார்ஜான் அண்ட் ஹிஸ் மேட்' 1934இல் வெளிவந்தது. அதில் நீருக்கடியில் அவர் ஒரு பெரிய முதலையுடன் புரண்டு புரண்டு போரிட்டுக் கத்தியால் குத்திக் கொல்லுவார். அந்த முதலை ஓர் இயந்திரம். அந்தச் சண்டைப் பகுதியைப் பின்னால் வந்த டார்ஜான் படங்களிலும் எடுத்து ஒட்டிக்கொண்டார்கள். ஆக, உயிரே இல்லாத ஒரு முதலை ஒருமுறைக்குப் பலமுறை செத்தது! பார்த்தவர்கள் அத்தனை முறையும் கை தட்டினார்கள்.

அடுத்தது ஜேம்ஸ் பாண்ட். 1973இல் வந்த 'லிவ் அண்ட் லெட் டை' படத்தில் முதலைகள் சூழ்ந்த சிறு திட்டில் பாண்டை விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அவரோ வரிசையாக நிற்கும் முதலைகளின் முதுகிலேயே கால் வைத்து ஓடிக் கரை சேர்ந்துவிடுவார். உண்மையில் ஓடியவர் கதாநாயகர் ரோஜர் மூர் அல்லர். ஜமைக்காவில் முதலைப் பண்ணை வைத்திருந்த ராஸ் கனங்கா என்பவர். ஐந்து முறை முயன்ற பிறகே அது அவருக்குக் கைகூடியது. அவருடைய பெயரையே படத்தின் வில்லனுக்கும் சூட்டினார்கள். அவர் துணிவைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அந்த முதலைகள் நகர்ந்துவிடாதபடி நீருக்கடியில் கட்டப்பட்டிருந்தன என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். ஆழமான நீரில் முதலை வெல்லும், நீரை விட்டு நீங்கினால் அதை மற்றவை வெல்லும் என்று 'இடனறிதல்' அதிகாரத்தில் வள்ளுவர் சொல்லியிருக்கிறார். நீருக்குள் இருக்கும்போதே முதலையை வெல்ல, கயிறு போதும் என்று காட்டியவர்கள் திரைப்படக்காரர்கள்.

நம் நாட்டுப் படம் ஒன்று சொல்லவேண்டுமானால் 1988இல் ராகேஷ் ரோஷன் இயக்கிய 'கூன் பரீ மாங்' என்ற இந்திப் படத்தைச் சொல்லலாம். 'ரிட்டர்ன் டு ஈடன்' என்ற 1983ஆம் ஆண்டு ஆஸ்திரேலியத் தொலைக்காட்சித் தொடரைத் தழுவியது. செல்வம் மிகுந்த விதவையான ரேகாவை, சொத்துக்காகக் கபீர் பேடி மணந்துகொள்வார். பிறகு படகில் அழைத்துச் சென்று முதலைகள் இருக்கும் நீரில் தள்ளிவிடுவார். முகம் சிதைந்து பிழைத்தெழும் ரேகா, வேறு முகத்தோடு திரும்பிவந்து பழிதீர்ப்பார். இந்தப் படத்தைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு எங்கள் தெருப் பெண்கள் ஒரு வாரம் பேசினார்கள்.

இங்கே ஒரு கேள்வி. அந்தப் பெண்ணைக் கொல்ல முயன்றது யார்? தள்ளியவன் மனிதன். திட்டமிட்டவன் மனிதன். சொத்துக்கு ஆசைப்பட்டவன் மனிதன். முதலை தன் வீட்டில் இருந்தது. அதன் வீட்டுக்குள் ஒரு பொருள் வந்து விழுந்தது. ஆயினும் படம் பார்த்த சிறுவர்களைக் கேட்டுப் பாருங்கள். "அந்த முதலைப் படம்" என்றுதான் சொல்வார்கள். கொலைகாரன் பெயர் மறந்துபோகும். கொலைக்கருவியின் பல் மட்டும் நினைவில் நிற்கும்.

இதற்கு மாறாக ஒரு படம் உண்டு. 1980இல் லூயிஸ் டீக் இயக்கிய 'அல்லிகேட்டர்'. கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றப்பட்ட ஒரு குட்டி அல்லிகேட்டர் சிகாகோ நகரின் பாதாளச் சாக்கடையில் உயிர் வாழ்கிறது. ஒரு மருந்து நிறுவனம் தன் ஆராய்ச்சியில் இறந்த விலங்குகளைக் கள்ளத்தனமாக அதே சாக்கடையில் வீசுகிறது. வளர்ச்சி மருந்து ஏறிய அந்த உடல்களைத் தின்றுதின்று அது பூதமாக வளர்கிறது. இறுதியில் அந்த நிறுவனத்து முதலாளி வீட்டுத் திருமண விருந்துக்குள்ளேயே புகுந்துவிடுகிறது. மட்டமான பயங்கரப் படம் என்று இதைச் சிலர் ஒதுக்கலாம். ஆனால் பூதத்தை உண்டாக்கியது சாக்கடையில் கழிவைக் கொட்டிய கைதான் என்று விரல் நீட்டிச் சொன்ன படம் அது. எண்ணூர்க் கால்வாய்க் கரையில் வளர்ந்தவனுக்கு அந்தக் கதை கற்பனையாகத் தோன்றுவதில்லை.

ஒரு சிறு விளக்கம்: அல்லிகேட்டர் வேறு, முதலை வேறு. அல்லிகேட்டர் அமெரிக்காவிலும் சீனாவிலும் மட்டுமே இயற்கையாக வாழ்கிறது. அதன் மூக்கு அகன்றிருக்கும். வாயை மூடினால் கீழ்ப்பற்கள் மறைந்துவிடும். முதலை வாயை மூடினாலும் கீழ்த்தாடையின் நான்காம் பல் வெளியே தெரியும். நம் நாட்டில் இருப்பவை சதுப்புநில முதலை, உவர்நீர் முதலை, நீள்மூக்குக் கரியால் ஆகிய மூன்று. சங்க இலக்கியத்திலும் முதலை, இடங்கர், கராம் என்று மூன்று பெயர்கள் காணப்படுகின்றன.

வாயைத் திறப்பது எதற்காக?

திரையில் முதலை என்றால் திறந்த வாய். சுவரொட்டியிலும் அதே வாய். ஆனால் கரையில் வாயைத் திறந்து கிடக்கும் முதலை பெரும்பாலும் யாரையும் விழுங்கக் காத்திருக்கவில்லை. உடல் சூட்டைத் தணித்துக்கொள்ள அது ஒரு வழி. நாய் நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பதைப் போன்றது. அதன் உடலின் சூடு வெளியிலிருந்து வருவதால், உணவும் நம்மைப்போல் நாள்தோறும் தேவையில்லை. வாரக்கணக்கில் உண்ணாமல் இருக்கக்கூடிய உயிர், படங்களில் வருவதுபோல் வரிசையாகப் பத்துப் பேரை விழுங்குமா என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

அந்த வாய்க்கு வேறொரு தொழிலும் உண்டு. மண்ணுக்கடியில் முட்டைக்குள் இருக்கும் குஞ்சுகள் பொரியும் நேரத்தில் குரல் கொடுக்கும். அதைக் கேட்டுத் தாய் மண்ணைத் தோண்டும். பொரிந்த குஞ்சுகளை அதே பற்களுக்கு நடுவே, ஒரு கீறலும் விழாமல் ஏந்திக்கொண்டு போய் நீரில் விடும். சதுப்புநில முதலையில் தந்தையும் குஞ்சுகளைச் சுமப்பதுண்டு என்பது வடநெம்மேலிப் பண்ணையிலேயே கண்டறியப்பட்ட உண்மை. முட்டையிலிருந்து வருவது ஆணா பெண்ணா என்பதை அது புதைந்திருக்கும் மண்ணின் வெப்பமே தீர்மானிக்கிறது. சுமார் 32.5 டிகிரி செல்சியஸில் ஆண்கள் பிறக்கின்றன. ஓரிரு டிகிரி குறைந்தாலே பெண்கள்.

இன்னும் வியப்பான செய்தி ஒன்று. கொக்குகள் கூடு கட்டும் காலத்தில் முதலைகள் சிறு குச்சிகளை மூக்கின்மேல் வைத்துக்கொண்டு அசையாமல் மிதக்கின்றன. குச்சி தேடி வரும் கொக்கு இரையாகிறது. இப்படி அவை குச்சியைத் தூண்டில்போல் பயன்படுத்துவதாக 2013இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. அதற்குச் சான்றான காட்சிகளும் அதே பண்ணையில் பதிவானவை. 'பொம்மையாப்பா?' என்று கேட்ட சிறுவனின் முன்னால் கிடந்தவை இவைதாம்.

முதலைக்கண்ணீரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பொய்யழுகைக்கு நாம் முதலையின் பெயரை வைத்திருக்கிறோம். 2007இல் புளோரிடாவில் இரண்டு ஆய்வாளர்கள் அல்லிகேட்டர்களையும் அவற்றின் இனத்தைச் சேர்ந்த கெய்மன்களையும் உணவு உண்ணும்போது கவனித்தார்கள். ஏழில் ஐந்து கண்ணீர் விட்டன. உண்ணும்போது கண்ணீர் வடிவது அவற்றின் உடல் இயல்பாகத் தோன்றுகிறது. வருந்துவதாக அவை யாரிடமும் சொல்லவில்லை. பொய் சொன்னது முதலை அன்று. அந்தக் கண்ணீருக்குப் பொருள் சொன்ன நாம்தான்.

நம் பழங்கதைகள்

திரைக்கு முன்னரே முதலையைக் கண்டு அஞ்சியவர்கள்தாமே நம் முன்னோர் என்று கேட்கலாம். அஞ்சினார்கள். அரண்மனை அகழியில் முதலைகள் வாழ்ந்ததைப் புறநானூறு சொல்கிறது. ஆனால் அவர்கள் அச்சத்தோடு நிறுத்திவிடவில்லை. கஜேந்திர மோட்சக் கதையில் யானையின் காலைப் பற்றிய முதலை, சாபம் பெற்ற ஒரு கந்தர்வன். திருமாலின் சக்கரம் பட்டதும் யானைக்கு மட்டுமா விடுதலை கிடைத்தது? முதலைக்கும் கிடைத்தது.

அவிநாசித் தலத்தின் கதை இதைவிட அழகானது. ஒரே வயதுடைய இரு சிறுவர்கள் குளிக்கப் போகிறார்கள். ஒருவனை முதலை விழுங்கிவிடுகிறது. ஆண்டுகள் கழித்து ஒரு வீட்டில் பூணூல் கல்யாண மங்கல ஒலி; எதிர்வீட்டில் அழுகை ஒலி. அவ்வழியே வந்த சுந்தரர் பதிகம் பாட, முதலை அந்தப் பிள்ளையைத் திருப்பித் தருகிறது. அதுவும் இடைப்பட்ட ஆண்டுகளின் வளர்ச்சியோடு! நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். நான் கவனிப்பது கதை சொன்னவனின் மனத்தை. முதலையிடம்கூட 'கொடு' என்று கேட்கலாம், அதுவும் கொடுக்கும் என்று எண்ணியவன் அவன். நம் காலத்துக் கதாசிரியர்களுக்கோ முதலையைப் பார்த்ததும் துப்பாக்கியைத் தவிர வேறொன்றும் தோன்றுவதில்லை.

கொட்டகையோடு முடிவதில்லை

"படம் படந்தானேடா! மூன்று மணி நேரப் பொழுதுபோக்கை ஏன் இவ்வளவு ஆராய்கிறாய்?" என்று என் நண்பன் கேட்டான். நியாயமான கேள்வி. விடை 1975இல் வந்த 'ஜாஸ்' படத்தில் இருக்கிறது. அந்தப் படம் சுறாவை உலகம் முழுவதும் அரக்கனாக்கியது. மூலக்கதை எழுதிய பீட்டர் பெஞ்ச்லி பிற்காலத்தில் வருந்தி, சுறாக்களைக் காக்க வேண்டுமென்று ஊர் ஊராகப் பேசினார். இயக்குநர் ஸ்பீல்பெர்க்கும் 2022இல் ஒரு வானொலிப் பேட்டியில், அந்தப் படத்தால் சுறாக்கள் அழிக்கப்பட்டதற்குத் தாம் வருந்துவதாகச் சொன்னார். எடுத்தவர்களே அப்படிச் சொல்லும்போது, பார்த்த நாம் 'படந்தானே' என்று சொல்லிவிட முடியுமா? வடநெம்மேலியில் வளர்ந்த பெரிய உவர்நீர் முதலை ஒன்றுக்கும் 'ஜாஸ் III' என்றே பெயர் வைத்தார்கள். சுறாவின் கெட்ட பெயர் முதலைக்கும் ஒட்டிக்கொண்டது பாருங்கள்!

முதலைகள் திரையில் மனிதரைத் தின்றுகொண்டிருந்த அதே ஆண்டுகளில் திரைக்கு வெளியே நடந்தது வேறு. தோலுக்காக மனிதன் முதலையைக் கொன்று பையாகவும் இடைவாராகவும் ஆக்கிக்கொண்டிருந்தான். 1970களின் தொடக்கத்தில் நம் நாட்டின் மூன்று இனங்களுமே அழிவின் விளிம்புக்கு வந்துவிட்டன. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1975இல் ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பின் உதவியோடு முதலைப் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியது. 1976இல் ரோமுலஸ் விட்டேக்கர் முதலானோர் வடநெம்மேலிப் பண்ணையை நிறுவினார்கள். இவர்கள் தாமதித்திருந்தால் பஞ்சு முதலைதான் மிஞ்சியிருக்கும்.

2023 டிசம்பர்

இனி என் சொந்த அனுபவத்துக்கு வருகிறேன். 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்தது நினைவிருக்கும். அந்த மழை இரவில் பெருங்களத்தூர் அருகே சாலையைக் கடந்து சென்ற ஒரு முதலையை, காரில் வந்தவர்கள் படம் பிடித்தார்கள். அந்தச் சில நொடிக் காட்சியை நாடே பார்த்தது. திரைப்படமாக எடுக்கப்படாத முதலைக் காட்சி அது. எனினும் நாம் அதைத் திரைப்படமாகவே பார்த்தோம். புயல் வெள்ளத்தில் வீட்டுக்குள் அல்லிகேட்டர்கள் புகும் 'கிரால்' என்ற 2019ஆம் ஆண்டுப் படத்தைப் பார்த்திருந்தவர்கள் அதையே சொல்லிப் பயமுறுத்தினார்கள். அந்தப் பகுதி ஏரிகளில் சதுப்புநில முதலைகள் சில வாழ்வதும், அவை மனிதரைக் கண்டால் ஒதுங்கிப் போகும் கூச்ச இயல்புடையவை என்பதும், அஞ்ச வேண்டியதில்லை என்பதும் அரசின் வனத்துறைச் செயலாளர் அப்போதே வெளியிட்ட செய்தி. அதைப் பகிர்ந்தவர்கள் எத்தனை பேர்?

எர்ணாவூரில் எங்கள் வீட்டிலும் முழங்கால் அளவு நீர். கைப்பேசியில் கொஞ்சம் மின்சாரம் மிச்சமிருந்தது. நான் அந்த முதலைக் காட்சியைப் பத்துப் பேருக்கு அனுப்பினேன், 'ஜாக்கிரதை' என்று எழுதி. பெருங்களத்தூர் நகரத்தின் தென்கோடி. எங்கள் ஊர் வடகோடி. அதே நாட்களில் மணலிப் பக்கமிருந்து வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் பரவியது. எங்கள் தெருக்கோடி நீர் கறுத்தது. சுவரில் முழங்கால் உயரத்துக்குக் கரிக்கோடு விழுந்தது. காட்டுக்குப்பம் முதலான ஊர்களின் மீனவர்கள் வாளியாலும் கையாலும் அந்த எண்ணெயை அள்ளினார்கள். வலையும் படகும் பாழாயின. இறகில் எண்ணெய் படிந்து கூழைக்கடாக்கள் பறக்க முடியாமல் நின்றன. அதே மாதம் 26ஆம் நாள் இரவு பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, மக்கள் மூச்சுத் திணறி நள்ளிரவில் ஓடினார்கள்.

அந்தக் கறுப்பு நீரை ஒரு படம் எடுத்து யாருக்காவது அனுப்ப எனக்குத் தோன்றவில்லை. முப்பது, நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால் தன் வழியே போன ஒரு முதலையைக் கண்டு அஞ்சினேன். என் வாசலுக்கே வந்ததைக் கண்டு அஞ்சத் தெரியவில்லை. ஏனென்றால் அதற்குப் பல் இல்லை, வால் இல்லை. அதைக் கண்டு எப்படி அலறவேண்டும் என்று எந்தப் படமும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

நமக்குக் கிடைத்த வேடம்

முதல் ஆண்டு விடுமுறையில் தென்சென்னையில் ஒரு துணிக்கடையில் வேலை கேட்டுப் போனேன். கடைக்காரர் நன்றாகத்தான் பேசினார். ஆதார் அட்டையை வாங்கி முகவரியைப் படித்தார். "எர்ணாவூருன்னா... காசிமேடு பக்கமா?" என்றார். வடக்கே போனால் எல்லா ஊரும் காசிமேடுதான் போலும்! "இல்லீங்க சார், அதுக்கும் மேல" என்றேன். "வேணாம் தம்பி, தப்பா நெனச்சுக்காத. அந்தப் பக்கத்தையெல்லாம் படத்துல பாக்குறோமே" என்று அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். அவருக்கு என்மேல் பகை ஒன்றுமில்லை. என்னை அவருக்குத் தெரியவே தெரியாது. இரண்டரை மணி நேரப் படங்கள் சிலவற்றைத் தெரியும், அவ்வளவுதான்.

பேருந்தில் திரும்பி வரும்போது கோபம் வந்தது. பிறகு வடநெம்மேலியில் அந்தத் தந்தை எறிந்த கல்லைப் பார்த்தபோதுதான் இரண்டும் ஒன்றென்று விளங்கிற்று. முதலைக்கு ஒரு வேடம். வடசென்னைக்கு ஒரு வேடம். அதற்குத் திறந்த வாய். நமக்குத் தூக்கிய கத்தி. தள்ளிவிட்டவன் பெயர் மறந்து முதலை நினைவில் நிற்பதுபோல், நம் பகுதியில் கழிவைக் கொட்டியவை மறந்துபோகும். அதன் கரையில் வாழ்பவன் மட்டும் அஞ்சத்தக்கவனாக நிற்பான்.

தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856இல் புறப்பட்டது நம் ராயபுரத்திலிருந்து. நாட்டின் முதல் ஒழுங்கமைந்த தொழிற்சங்கமான சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918இல் உருவானது நம் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களால். விடியுமுன் காசிமேட்டில் மீன் ஏலம் கூவும் தாய்மார்களும், மூன்று ஷிப்டு மாறி மாறி வேலை செய்துவிட்டுப் பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பும் தந்தைமார்களும் இங்கேதான் இருக்கிறார்கள். ஆயினும் இயக்குநர்கள் எல்லோரையும் ஒரே தராசில் நிறுக்கக் கூடாது. பா. இரஞ்சித்தின் 'மெட்ராஸ்' (2014) நம் வீட்டுக்குள் வந்து பார்த்தது. வெற்றிமாறனின் 'வட சென்னை' (2018) கத்தியைக் காட்டினாலும், கேரம் பலகையையும் மண்ணுக்கான போராட்டத்தையும் சேர்த்துக் காட்டியது. 'சார்பட்டா பரம்பரை' (2021) குத்துச்சண்டைக் கூடங்களின் பெருமையை ஊரறியச் செய்தது. வேடத்தை மாற்றிக் கொடுக்க முடியும் என்பதற்கு இவை சான்று. நமக்கு மாற்றிக் கொடுத்தவர்கள் முதலைக்கும் ஒருநாள் மாற்றிக் கொடுக்கலாம் அல்லவா?

மறுப்பும் விடையும்

முதலை கொல்லாதா என்று கேட்பீர்கள். கொல்லும். சிதம்பரம் வட்டாரத்தில் கொள்ளிடக்கரை ஊர்களில் முதலை தாக்கி மனிதர் இறந்ததுண்டு, ஆடுமாடுகளையும் இழந்திருக்கிறார்கள். அந்த ஊர்க்காரர்களிடம் போய் 'அஞ்சாதீர்கள்' என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. அவர்கள் அச்சம் திரையிலிருந்து வந்ததன்று, துறையிலிருந்து வந்தது. ஆனால் அவர்களுக்கு உதவக்கூடியது எது? முதலை எந்தக் காலத்தில் முட்டையிடும், எந்தத் துறையில் இறங்கக் கூடாது, குளிக்கும் இடத்தில் கம்பி வேலி எப்படி அமைப்பது என்ற அறிவே. டார்ஜானின் கத்தி அவர்களுக்குப் பயன்படாது. உண்மையான அச்சத்துக்கு உண்மையான அறிவு வேண்டும். பொய்யச்சமோ இரண்டையும் கெடுத்துவிடும்.

பயங்கரப் படங்களையே எடுக்கக் கூடாது என்றும் நான் சொல்லவில்லை. 'அல்லிகேட்டர்' போல எடுக்கட்டும். சாக்கடையில் கொட்டிய கையையும் சேர்த்துக் காட்டட்டும். நம் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இன்று ஒரு படப்பிடிப்புக் கருவி இருக்கிறது. யாரோ நமக்கு வேடம் கொடுக்கக் காத்திருப்பதைவிட, நம் கழிமுகத்தை, நம் கூழைக்கடாவை, எண்ணெய் அள்ளிய கைகளை நாமே படமெடுத்து வைத்தால் என்ன? அடுத்த மழைக்கு நான் அதைத்தான் அனுப்பப் போகிறேன்.

அந்தச் சிறுவனைப் பற்றி முழுதும் சொல்லவில்லை. அவன் தந்தை நகர்ந்த பின் நான் அருகில் போய், "தம்பி, அது பொம்மை இல்ல. வெயில் காயுது. சத்தம் போடாம நின்னு பாரு" என்றேன். அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். பத்து நிமிடம் இருக்கும். ஒரு முதலை மெல்ல நான்கு கால்களையும் ஊன்றி உடலைத் தூக்கியது, நடந்தது, ஓர் அலைகூட எழாமல் நீருக்குள் இறங்கி மறைந்தது. "போயிடுச்சுண்ணா!" என்று அவன் என்னைப் பார்த்த முகத்தில் அச்சமே இல்லை. வியப்புதான் இருந்தது.

அன்று இரவு வீட்டுக்கு வந்ததும், "இன்னாடா பாத்த?" என்று அம்மா கேட்டார். குஞ்சுகளை வாயில் சுமக்கும் தாய் முதலையைப் பற்றிச் சொன்னேன். அம்மா சோறு போடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். "அந்தப் பல்லுலயா?" என்றார். "அந்தப் பல்லுலதான்மா" என்றேன்.